இரண்டு விரல் கனம்

காந்தம் நழுவிக் கீழே விழுந்தது.

எடுத்து அதே இடத்தில் வைத்தேன். மறுபடி விழுந்தது.

பழுதாகிப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அது. பெயின்டில் கீறல் விழக்கூடாது என்று துணி சுற்றி வைத்திருப்பேன். பழைய கார் எது என் ஷெட்டுக்குள் நுழைந்தாலும், பானட்டிலிருந்து டிக்கி வரை அதை வைத்து ஒரு தடவு தடவிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அடியில் தகரம் இருந்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். யாராவது பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தாமல் பட்டிப் பசையைக் கனமாகப் பூசி மறைத்திருந்தால் கைவிட்டுவிடும். வண்டிக்காரர் பொய் சொல்வார். புரோக்கர் பொய் சொல்வார். பளபளக்கிற பெயின்ட் அவர்கள் இருவரையும் மிஞ்சும். காந்தத்துக்கு மட்டும் அந்தப் பழக்கம் இல்லை.

“என்னக்கா, ஏதாவது பிரச்சினையா?” என்றார் வண்டியைக் கொண்டுவந்தவர்.

“இடது பக்க முன் மட்கார்டு, ஹெட்லைட்டைச் சுத்தி. மத்த இடமெல்லாம் வண்டி சார். இங்க மட்டும் சுவர்.”

சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய அப்பா அப்படியே தெரிந்தார். எனக்கு ஹெட்மாஸ்டராக இருந்தவர். இறந்து நான்கு மாதம் ஆகிறது.

“அப்பா இதை ஓட்டி நான் பார்த்த ஞாபகமே இல்லக்கா. நான் சின்னப் பையனா இருந்தப்பவே கொட்டகைல விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடிட்டார். விக்கவும் மாட்டேன்னார், தொடவும் விட மாட்டேன்னார். இப்பதான் இன்ஜின் வேலை முடிச்சேன். கடைசியா ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போ சொன்னார், வண்டியை எப்ப எடுத்தாலும் தகர வேலைக்கு உங்க ஷெட்டுக்குத்தான் கொண்டு போகணும்னு. வேற யார் கையும் படக்கூடாதுன்னு. ரெண்டு தடவை சொன்னார்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொம்பளை டிங்கரா என்று வாசலிலேயே திரும்பிப் போன வண்டிகள் எத்தனையோ. சாகப்போகிற நேரத்தில் ஒரு பெரிய மனிதர் என் கையை நம்பியிருக்கிறார். அவர் அப்படிப்பட்டவர்தான். பள்ளி திறக்கும் ஒவ்வொரு வருஷமும் என் நோட்டுகளுக்கெல்லாம் தன் கையாலேயே அட்டை போட்டுக் கொடுப்பார். வேறு எந்தப் பிள்ளைக்கும் செய்ததில்லை. தாயில்லாப் பிள்ளை, அதனால்தான் என்றார்கள்.

“நாளைக்குக் காலைல வர்றேன்க்கா. பிரிச்சு வையுங்க, உள்ளே என்ன கோலத்துல இருக்குன்னு ஒரு பார்வை பார்த்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் ஹெட்லைட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தோம். நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். அவரை எல்லோரும் பெயின்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான். ஷெட்டின் பின்பக்கம் எங்கள் வீடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கதவோரம், பிளாஸ்டிக் நாற்காலியில், என் அப்பா.

இந்த ஷெட் ஒரு காலத்தில் அப்பாவுடையது. நகத்தின் கனத்துக்கு மேல் பட்டி வைக்காத டிங்கர் என்று பெயர் வாங்கியவர். ஒடுங்கிய தகரத்தைச் சுத்தியலாலேயே தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். பட்டியெல்லாம் கடைசியில் பவுடர் போடுகிற மாதிரி. இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். ஆனால் எந்தச் சுத்தியல் எந்தத் தகரத்தில் விழுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

அவர் தொழிலை விட்டு முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு மழை நாளில் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு ஷெட்டுக்கு வந்துவிட்டார். அப்போது எங்கள் வீடு தள்ளி இருந்தது. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மா கிளம்பினாள். போய்ச் சேரவில்லை. வளைவில் இருக்கும் சின்னப் பாலத்துக்குக் கீழே, ஓடையில் கிடந்தாள். மழையில் கால் வழுக்கி, கல்லில் தலை மோதியிருக்கும் என்றார்கள். கண்ணாடி மட்டும் கிடைக்கவில்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள்.

அதன்பிறகு அப்பா சுத்தியலைத் தொடவில்லை. ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். ஒவ்வொரு மழை விட்டதும் ஓடையில் இறங்கிக் கண்ணாடியைத் தேடுவார். பதினொரு வயதில் நானும் கூட இறங்கியிருக்கிறேன். நான் வேறொரு ஷெட்டில் தொழில் கற்று, கல்யாணம் முடிந்து, இதே இடத்தைத் திரும்ப எடுத்த பிறகும் தேடினார். பார்வை மங்கும்வரை தேடினார். கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “விழும்போதும் அவ அதைக் கெட்டியா பிடிச்சிருந்தாளான்னு தெரிஞ்சுக்கணும்” என்றார்.

நான் மறக்காமல் இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள். இந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டுதான் அப்பா இத்தனை வருஷமும் நடமாடினார்.

ஹீட் கன்னைப் பிடித்ததும் பெயின்ட் கொப்பளித்தது. சுரண்டியை உள்ளே விட்டு நெம்பினேன். விரலளவு பாளமாக வரும் என்று நினைத்தால், செங்கல் பாதியளவுக்கு ஒரு கட்டி பெயர்ந்து காலடியில் விழுந்தது.

“யாரும்மா இந்தக் கொத்தனார்?” என்றார் பெயின்டர். “விட்டா ஜன்னல் வச்சு மாடிப்படியும் கட்டியிருப்பான் போல.”

“கீழ பாருங்க. பழைய பெயின்டைக்கூடச் சுரண்டல. உப்புத்தாள் ஒரு இழுப்பு இழுக்கல. ஈரத்து மேலயே அப்பி வச்சிருக்கான். கண்ணு தெரியாதவன் பண்ணின வேலை மாதிரி இருக்கு.”

கதவோரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “எவ்வளவு கனம் பாப்பா?”

“ரெண்டு விரல் கனம்பா.”

“ரெண்டு விரலா? அவன் ரெண்டு கையையும் ஒடிக்கணும்” என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

பட்டி முழுக்கப் பெயர்ந்ததும் தகரம் தெரிந்தது. பள்ளம். சாதாரணப் பள்ளம் என்றால் நடுவில் ஆழமாக, ஓரத்தில் மடிப்பாக இருக்கும். யாராவது சரிசெய்ய முயன்றிருந்தால் சுத்தியல் தடம் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒரு தட்டுக்கூடத் தட்டாமல், விழுந்த பள்ளத்தை விழுந்தபடியே மூடியிருக்கிறார்கள்.

கம்பத்தில் இடித்தால் கோடு விழும். சுவரில் இடித்தால் தட்டையாகும். இது அகலமாக, வழவழப்பாக, மெத்தையில் யாரோ சாய்ந்து எழுந்தாற்போல உள்வாங்கியிருந்தது. நிமிர்ந்து நின்று பார்த்தேன். பள்ளம் என் இடுப்பெலும்புக்கு நேராகத் தொடங்கியது. அம்மாவும் என் உயரம்தான்.

ஏன் அந்த நேரத்தில் அம்மா ஞாபகம் வந்தது என்று அப்போது தெரியவில்லை. அடுத்த நிமிஷம் தெரிந்தது.

ஹெட்லைட் உட்காரும் கிண்ணத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் ஓர் இடுக்கு. அங்கே கடைசிக் கட்டி ஒன்று பிதுங்கி நின்றது. பின்பக்கமாகக் கைவிட்டு நெம்பி எடுத்தேன். முன்னால் பூசும்போது பட்டி பின்பக்கமாக வழிந்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே யாரோ கட்டைவிரலால் அழுத்தி விட்டிருக்கிறார்கள். ரேகை அச்சடித்தாற்போல இருந்தது. அந்த ரேகையின் குறுக்கே, சாய்வாக, ஒரு வெட்டுத் தழும்பு.

என் தலையை வருஷக்கணக்கில் வாரிவிட்ட அப்பாவின் விரல் அது. தகரம் கிழித்த அந்தத் தழும்பு முடியில் சிக்கி இழுக்கும். நான் கத்துவேன்.

கட்டியைத் திருப்பினேன். உள்ளே என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த மெல்லிய கம்பி. கம்பியின் நடுவில் செம்புக் கம்பிச் சுற்று. எரிந்துபோன மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக் கம்பியால், ஒடிந்த மூக்குக்கண்ணாடிக் காதை அப்பா தானே சுற்றிக் கட்டியிருந்தார். பதினொரு சுற்று. எத்தனை தடவை எண்ணியிருக்கிறேன். பட்டியை உடைத்தேன். பாதி பிரேமும் ஒரு சில்லு கண்ணாடியும் கையில் வந்தன.

ஓடையில் முப்பது வருஷம் தேடிய பொருள்.

பெயின்டர் பக்கத்தில் வந்தார். என் கையைப் பார்த்தார். கதவோரம் திரும்பிப் பார்த்தார். என்னை வெளியே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“உங்கப்பாவோடதா?” கிசுகிசுத்தார்.

தலையாட்டினேன். இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அம்மாவின் அடக்கத்தன்று மழை விடவே இல்லை. அப்பா குழியருகே நனைந்துகொண்டே நின்றார். ஒருவர் வந்து அவருக்குக் குடை பிடித்தார். கடைசிவரை தன் தோள் நனைய நனையப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹெட்மாஸ்டர். எவ்வளவு நல்ல மனுஷன் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பிறகு வருஷம் தவறாமல் அந்த நோட்டுகள், அந்த அட்டைகள். தார்ப்பாய்க்குள் ஒரு கார். வேற யார் கையும் படக்கூடாது. ரெண்டு தடவை சொன்னார்.

உயிரோடு இருக்கும்போது சொல்லத் தைரியமில்லாததை, செத்த பிறகு என் வாசலுக்கே அனுப்பி வைத்திருக்கிறார்.

“அம்மா வழுக்கி விழல” என்றேன். “அப்பாவுக்குத் தெரியணும். தன்னாலதான் அம்மா செத்தான்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருக்கார்.”

“சரி. சொல்லு. அடிச்சது அந்த வண்டின்னு சொல்லு. அப்புறம் அந்தப் பள்ளத்தை மூடினது யாருன்னு கேப்பாரே, என்ன சொல்லுவ?”

கையிலிருந்த செம்புச் சுற்றைப் பார்த்தேன்.

“கண்ணாடியை மறந்ததுக்கே மனுஷன் தன்னைப் பாதி தின்னுட்டார். இதையும் குடுத்தா மீதியையும் தின்னுடுவார். வேண்டாம்மா. தட்டி நிமித்திடு. நான் பெயின்ட் அடிச்சுடறேன். நாளைக்கு அவர் வரும்போது பள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

சரி என்றுதான் பட்டது. கண்ணாடித் துண்டுகளை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், ரேகை பதிந்த பட்டித் துண்டை வொர்க் பெஞ்சில் வைத்தேன். அடியைத் தாங்குவதற்காகத் தகரத்துக்குப் பின்னால் டாலி என்கிற இரும்புக் கட்டையைப் பிடித்தேன். சுத்தியலை ஓங்கினேன்.

விழவில்லை. கை அந்தரத்திலேயே நின்றது. எத்தனை மட்கார்டுகளைத் தட்டியிருப்பேன். ஆனால் இது தகரமாகத் தெரியவில்லை. உலகத்தில் அம்மா விட்டுப்போன கடைசி அச்சு இதுதான். இதை நிமிர்த்துவது என்றால், அவளை இன்னொரு தடவை அடிப்பது.

“பாப்பா” என்றார் அப்பா. “அரை மணி நேரமா ஒரு சத்தமும் காணோமே. என்ன நடக்குது அங்க?”

“டீ குடிச்சுட்டு இருக்கோம்பா.”

“டீ குடிச்சா உன் புருஷன் உறிஞ்சற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குமே.”

பெயின்டர் சிரிக்க முயன்று தோற்றார். நாற்காலி நகரும் சத்தம். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்த ஷெட்டில் அவருக்குக் கண் தேவையில்லை. நேராக வொர்க் பெஞ்சுக்கு வந்து, நான் தடுப்பதற்குள் ஒரு கட்டியை எடுத்துவிட்டார்.

“எந்த மகராசன் பண்ணினான்னு தடவிப் பார்க்கறேன்” என்று சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் வருடினார்.

விரல் நின்றது.

முன்னால் நகர்ந்தது. பின்னால் வந்தது. பிறகு, சாவி தன் துவாரத்தைக் கண்டுபிடித்தாற்போல, அந்தத் தழும்பு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“இது யாரு வண்டி?”

“ஒரு பழைய வேன்பா.”

“வேனா?” கையை நீட்டி மட்கார்டைத் தொட்டார். மேலிருந்து கீழே ஒரே வருடல். “வேனுக்கு ஏது இவ்வளவு வளைவு. ஹெட்மாஸ்டர் வண்டி.”

தகரத்திலிருந்து கையை எடுக்காமலே அப்பா தொடர்ந்தார்.

“அன்னிக்குச் சாயங்காலம் மழையோட வந்தார். கிளை ஒடிஞ்சு விழுந்துடுச்சு, உடனே சரி பண்ணிக் குடுன்னார். கரண்ட் இல்ல. கையில கண்ணாடியும் இல்ல. கண்ணாடியை மறந்தா எப்பவும் அவதான் கொண்டு வருவா. சார், கொஞ்சம் உக்காருங்க, என் வீட்டுக்காரி இந்த மழையிலயும் எப்படியும் கண்ணாடியை எடுத்துட்டு வந்துடுவா, ஒழுங்கா தட்டி எடுத்துக் குடுத்துடறேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தார். எனக்குக் கலங்கலாத்தான் தெரிஞ்சது. அப்புறம், வேண்டாம்ப்பா, இப்படியே மூடிடுன்னார்.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அப்பாவின் கை பள்ளத்துக்குள் இறங்கி, இடுக்கு வரை போய்த் துழாவியது.

“மனசில்லாமதான் அப்பினேன். தடவித் தடவித்தான் பூசினேன். இந்த இடத்துல குச்சி மாதிரி என்னவோ தட்டுப்பட்டுச்சு. கிளை விழுந்துச்சுன்னாரே, சுள்ளியா இருக்கும்னு இழுத்துப் பார்த்தேன். வரல. அதுக்கு மேலயே வச்சு அமுக்கிட்டேன்.”

என் பக்கம் திரும்பினார். வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிற கண்கள் என் மேல் சரியாக வந்து நின்றன.

“அந்தக் குச்சியை எடுத்தியா பாப்பா?”

பெயின்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஏப்ரன் பைக்குள் என் விரல்கள் அதை இறுகப் பிடித்திருந்தன. இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் கொண்டுவந்து கொடுப்பதற்காக நீட்டிய அதே கை என்று தோன்றியது. முப்பத்து மூன்று வருஷமாக நீட்டியபடியே இருக்கிற கை.

வைத்தேன்.

எண்ணினார். உதடு அசைந்தது. பதினொன்று வந்ததும் நின்றது. அழுவார் என்று நினைத்தேன். விழுந்துவிடுவார் என்று பெயின்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இரண்டும் நடக்கவில்லை.

“கெட்டியாத்தான் பிடிச்சிருந்திருக்கா” என்றார். “வண்டி வந்து மோதுற வரைக்கும் விடல.”

பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். “நான் பூசிட்டு இருந்தேன். பக்கத்துலதான் ஓடை.”

அந்தப் பாதிக் கண்ணாடியைக் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கேட்டால் தருவதாக இல்லை.

காலையில் ஹெட்மாஸ்டரின் மகன் வந்தார். வானம் இருட்டிக்கொண்டு நின்றது. போல்ட்டுகளைக் கழற்றி மட்கார்டைத் தனியாக எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். கார் ஒரு பக்கக் கன்னமும் ஒரு கண்ணும் இல்லாமல் நின்றது.

“என்னக்கா, இவ்வளவு பெரிய பள்ளமா? எதுல மோதினார் மனுஷன்?”

யோசித்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் மறந்துபோயிற்று. நாலே வாக்கியத்தில் சொன்னேன். எந்த மழை நாள். எந்த வளைவு. யார். பட்டிக்குள் என்ன இருந்தது.

சிரித்த முகம் சிரித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. உள்ளே இருந்த சிரிப்பு போன பிறகும் முகத்துக்கு அதை இறக்கி வைக்கத் தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “மழை வந்தா ஜன்னலையெல்லாம் மூடச் சொல்லுவார். வெயில் காலத்துலகூட. ஏன்னு கேட்டா, யாரோ நடந்து வர்ற மாதிரி இருக்கும்பார்.”

நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தார். பக்கத்தில் போனார். குனிந்தார்.

“ஐயா, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. போலீஸுக்குப் போகணுமா, போறேன். இந்த வண்டியை உடைச்சுப் போடணுமா, போட்டுடறேன்.”

அப்பா அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அதே குரலாகத்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

“அந்தத் தகரத்தை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க தம்பி” என்றார். “மழை வரும் போலிருக்கு. வளைவுல மெதுவா போங்க.”

வண்டியில் ஏறினார். மட்கார்டு இல்லாத காரை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனார். பெயின்டர் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முதல் துளிகள் கூரையில் விழ ஆரம்பித்தன. ஒழுகுகிற இடத்தில் ஒரு சொட்டு, சுவரில் சாய்ந்திருந்த மட்கார்டின் பள்ளத்துக்குள் விழுந்தது. டங்.

அதை நகர்த்தப் போனேன். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“வளைவு வந்துடுச்சு” என்றார்.

இன்ஜின் சத்தம் எனக்கும் கேட்டது. தேய்ந்துகொண்டே போய், நின்றது.

“நிறுத்திட்டார்.”

மறுபடி கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். மழை வலுத்தது. பள்ளத்தில் சொட்டுகள் ஒரே சீராக, பழகிய கை தட்டுகிறாற்போல விழுந்துகொண்டே இருந்தன. அப்பா சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்து, கண்ணாடிச் சில்லு உதிர்ந்துபோன அந்தப் பாதி பிரேமைக் காதில் மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.